உப்புச்சர்க்கரை மாற்றும்போது நான் ஏன் எழுந்தேன்

உ

திருச்செங்கோடு,
ஆவணி 17, செவ்வாய்க்கிழமை.

சேந்தமங்கலம் வடக்குத் தோட்டம், மதிப்பும் மரியாதையும் மிக்க பெரியசாமி அவர்கள் சமூகத்திற்கு, திருச்செங்கோடு ரிக்கு வண்டி முருகானந்தம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதத்தான் பேனா போனது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அப்படிக் கூப்பிட எனக்குப் பாத்தியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் பேர் சொல்லியே எழுதியிருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இங்கே என் ஒருவனைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், மாப்பிள்ளை இளஞ்செழியனும், தங்கள் அண்ணார் நல்லமுத்து அவர்களும், கறவை மாடுகளும் சுகமாக இருக்க அர்த்தநாரீசுவரர் துணை இருக்கட்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஞாயிறு மத்தியானத்திலிருந்து பதினேழு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் முழுசாக அடித்து ஓய்ந்தது. வாட்சப்பில் எழுதலாமென்றால் தங்கள் வீட்டில் ஒரு போனை ஆறு பேர் பார்ப்பீர்கள் என்று மாப்பிள்ளையே ஒருநாள் சொன்னார், இது ஆறு பேர் பார்க்கிற விஷயம் இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வாஷிங் மெஷின் மூடிமேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், உள்ளே துணி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் நின்றுகொண்டு எழுதுகிறான் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

தங்கள் கோபம் நியாயமானது. பெண்ணைக் கொடுக்கிறவன், இருபத்திரண்டு பேர் வீடு தேடி வந்திருக்கும்போது தான் மட்டும் உட்காராமல் நின்றான், சோறு போடப்போன குண்டாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், கடைசியில் உப்புச்சர்க்கரையைக் கைமாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்கிற நேரத்தில் “முடியாது” என்று கத்திவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது? எனக்கே என்மேல் வருகிறது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், அது என் மனசில் இல்லை. அது இருக்கிற இடம் வேறு.

முப்பத்திரண்டு வருஷமாக, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக்கு வண்டித் தொழில் எனக்கு. ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று போர் போடப் போகாத காடு இல்லை. உட்கார்ந்ததெல்லாம் இரும்புப் பெட்டிமேல், கம்பரசர் சூட்டுமேல். சாப்பிட்டதெல்லாம் கிடைத்த நேரத்தில் கிடைத்த காரம். ஊர் ஊராகத் தண்ணி எடுத்துக் கொடுத்தவன், நாள் முழுக்க ரெண்டு டம்ளர் தண்ணி குடித்தால் அதிகம். அதற்கெல்லாம் சேர்த்து ஆடி மாசம் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பலன் வந்தது. கக்கூசுக்குள் போனபோது நன்றாகத்தான் போனேன். வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மிளகாய் அரைத்த அம்மியைக் கழுவாமல் அதன்மேல் உட்கார்ந்த மாதிரி ரெண்டு மணி நேரத்துக்கு எரிச்சல். மூலமாக இருக்கும் என்று ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், தினமும் அதே ஆறு மணி, அதே எரிச்சல். தாங்க முடியாமல் சேலத்துக்குப் போனேன். திருச்செங்கோட்டிலேயே காட்டியிருக்கலாம். ஆனால் இங்கே எந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலும் ஒரு ரிக்குக்காரன் நிற்பான், “என்னங்ணா, ஒடம்புக்கு என்ன?” என்பான், சாயங்காலத்துக்குள் ஆந்திராவில் இருக்கிற வண்டிக்குச் சேதி போய்விடும்.

சேலத்தில் இருந்தது இர்பானா என்று ஒரு டாக்டர். எங்கள் மகள் கிருத்திகாவைவிட நாலைந்து வயசு மூத்த பிள்ளையாக இருக்கும். பார்த்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. “ஏனுங்க, இதுக்கு ஆம்பள டாக்டர் யாரும் இல்லீங்களா?” என்று கேட்டேன். “இருக்காரு, இன்னைக்கு லீவு. உங்க வலியும் லீவுன்னா நாளைக்கு வாங்க” என்றது அந்தப் பிள்ளை. போய்ப் படுத்துக்கொண்டேன். பார்த்துவிட்டு, “மூலம் இல்லைங்க, பிஷர்” என்றார். அங்கேதான் சனி பிடித்தது. எங்கள் தொழிலில் பிஷர் என்றால் என்னவென்று தங்களுக்குத் தெரியும். அறுநூறு, எழுநூறு அடிக்கு வெறும் புழுதியாகப் பறந்துகொண்டிருக்கும்போது பாறையில் ஒரு வெடிப்பு மாட்டும், தண்ணி மேலே பீச்சும், “பிஷர் அடிச்சிருச்சு!” என்று ஆட்கள் கத்துவார்கள், தோட்டத்துச் சொந்தக்காரர் தேங்காய் உடைப்பார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்படாத நாளில்லை. பழக்கதோஷம், படுத்த வாக்கிலேயே, “எத்தன அடியிலீங்க?” என்று கேட்டுவிட்டேன். “ஆறு மணி பொசிஷன்ல” என்றார். கடிகார முள்ளை வைத்துத்தான் இடம் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னது? “கரெக்ட்டுங்க டாக்டர், காலைல ஆறு மணிக்குத்தான் வலியே! எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?” என்றேன். அந்தப் பிள்ளை சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது.

ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் எனக்கு உதறல். தெருவுக்கு ஒரு போர்டு வைத்திருக்கிறானே, ஒரே நாளில் மூலத்தைச் சரியாக்குகிறோம் என்று. அதைப் பார்த்தாலே இரண்டு கால்களும் ஒட்டிக்கொள்கின்றன. “வெட்டறதெல்லாம் வேண்டாங்க. இது புதுசா விழுந்த வெடிப்பு. முக்காம, ஒழுங்கா மலம் போனா ஆறு வாரத்துல தானா ஆறிடும். முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் ஆறுது” என்றார் டாக்டர். எழுந்து நின்று கும்பிட்டேன். ஆறு வாரம் என்று அவர் சொன்னபோது உப்புச்சர்க்கரைக்கு இன்னும் மூன்றே வாரம்தான் இருக்கிறது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அந்த வைத்தியம் இருக்கிறதே, அதைச் செய்கிறவனுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. விடிந்ததும் தண்ணி, பிறகும் தண்ணி, நாளைக்கு மூன்று லிட்டர். அரிசிச் சோற்றைக் குறைத்துக் கம்பு, ராகி, கீரை, பப்பாளி, கொய்யா. சாயங்காலம் இசப்கோல் என்று ஓர் உமியைத் தண்ணியில் கலக்கிக் கொடுக்கிறாள் என் வீட்டுக்காரி மஞ்சுளா, கலக்கிய உடனே குடிக்காவிட்டால் கஞ்சிப் பசையாகிவிடுகிறது, அதைச் சுவரில் போஸ்டர் ஒட்டத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய் ஆகாது, கோழி வறுவல் ஆகாது. முட்டை ஊரான நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் மூன்று வாரமாகப் பூசணிக்காய்ப் பொரியல் தின்கிறேன். கக்கூசுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாதாம், அதிக நேரம் உட்கார்கிறார்களாம். அப்புறம் ஒரு களிம்பு. அதைக் கீழே தடவினால் மேலே தலை வலிக்கிறது! டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டால், “அந்த மருந்து அப்படித்தான், கொஞ்சமா தடவுங்க” என்கிறார். இதெல்லாம் போக, ஒரு நாளைக்கு மூன்று தடவை, பதினைந்து பதினைந்து நிமிஷம், அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணி ஊற்றி அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தப் பதினைந்து நிமிஷம்தான் சொர்க்கம். அதற்காக மஞ்சுளா பரணிலிருந்து ஒரு பழைய அலுமினியக் குண்டாவை இறக்கி, குளியலறையில் எனக்கென்றே ஒதுக்கி வைத்தாள். இந்தக் குண்டாவைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

விஷயம் மஞ்சுளாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மகளிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறோம், வயசுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் என் மைத்துனன் அறிவழகன் இருக்கிறானே, எங்கள் ரெண்டு வண்டியையும் பார்த்துக்கொள்கிறவன், அவனுக்குப் பாதி தெரிந்தது. முழுசாகத் தெரிந்திருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது. நான் சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டபோது மஞ்சுளா மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். பஸ் இரைச்சலில் நான், “பிஷர்தான்னு சொல்லிட்டாங்க!” என்று கத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த அறிவழகன் போனைப் பிடுங்கி, “மாமா! எந்தப் பக்கம் பாயிண்ட்டு? ஆட்டையாம்பட்டிப் பக்கமுங்களா? வண்டிய அனுப்பட்டுங்களா? தொளைக்கு ஆறரை இஞ்சி பிட்டுப் போடலாமுங்களா, எட்டு இஞ்சியே போட்டரலாமுங்களா?” என்றான். நான் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாண்டா மாப்ள! ஒண்ணத்தையும் எறக்க வேண்டாம்! தானா மூடிக்கும்னு சொல்லிட்டாங்க!” என்றேன். “ஏனுங்க மாமா, கெடச்ச பிஷர யாராச்சும் மூட வுடுவாங்களா? ஒடனே தொளை போட்டாத்தானுங்க ஆச்சு!” என்று அவன் அங்கே குதிக்கிறான். போனை அணைத்துவிட்டேன். அவனிடம் உண்மையைச் சொல்லலாம்தான். அவனிடம் சொல்வதும் தேர்த்திருவிழா மைக்கில் சொல்வதும் ஒன்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தாங்கள் எல்லோரும் ஒட்டுக்கா வந்து கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தீர்கள். “நீங்களும் உக்காருங்க” என்று தாங்கள் மூன்று தடவை சொன்னீர்கள். நான் மூன்று தடவையும், “இருக்கட்டுங்க, நின்னாத்தான் நல்லா இருக்குதுங்க” என்றேன். அப்போது இந்த அறிவழகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மாமா அப்படித்தானுங்க. பிஷர் கெடச்சதுல இருந்து உக்காரவே மாட்டேங்கறாரு. பாயிண்ட்டு எங்கன்னு கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு” என்று சபையில் போட்டு உடைத்தான். நாலு போர் போட்டு நாலும் புழுதியாகப் போன தோட்டக்காரர் தாங்கள். தங்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “எங்கீங்க அது?” என்று கேட்டீர்கள். “அது வெளிய சொல்ற எடமில்லீங்க” என்றேன். “எத்தன இஞ்சி தண்ணி?” என்றார் தங்கள் அண்ணார். “தண்ணியெல்லாம் இல்லீங்க. ரொம்பச் சின்னது. எப்பவாச்சும் லேசாச் செவப்பாக் கசியும், அவ்வளவுதானுங்க” என்றேன், என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “செவப்பாக் கசிஞ்சா செம்மண் ஊத்து. வுட்றாதீங்க, இன்னும் ஆழமா எறக்கிப் பாருங்க” என்று அண்ணார் எனக்கு யோசனை சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அதைப் பார்த்து, கிடைத்த தண்ணியைச் சம்பந்திக்குக்கூடச் சொல்லாமல் மறைக்கிறானே, மாட்டிக்கொண்டதும் அழுகிறானே என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். மறைத்தது உண்மை, தண்ணி இல்லை என்பதும் உண்மை.

அடுத்தது குண்டா. சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் அக்கா, சோறு கொட்ட அகலமான பாத்திரம் போதவில்லை என்று வீடெல்லாம் தேடிக் குளியலறையிலிருந்து அதை எடுத்து, தேய்த்துக் கழுவி, வாழையிலை விரித்து, சோற்றுச் சட்டி பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்! சோறு ஒரு கரண்டி கொட்ட வேண்டியதுதான் பாக்கி. நான் பார்த்துவிட்டேன். என்ன சொல்லித் தடுப்பது? ஓடிப்போய்ப் பிடுங்கினேன். “ஐயோ சாமி, சோத்துப் பாத்திரத்த எங்க கொண்டுட்டுப் போறீங்க?” என்று அக்கா கத்த, நான் குண்டாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தின் நடுவே, தங்கள் இருபத்திரண்டு பேர் முன்னாலேயும் குளியலறைக்கு ஓடினேன். பந்தியில் சோறு போடக் கணக்குப் பார்த்தான் என்று தங்கள் வீட்டம்மா சொன்னதாகக் காதில் விழுந்தது. கணக்குப் பார்க்கவில்லை அம்மா. அன்றைக்கு இந்த வீட்டில் தங்கள் எல்லோர் மரியாதையையும் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான்.

கடைசியில் அது. உட்காராமல் உப்புச்சர்க்கரை மாற்ற முடியாதே! தாங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் தட்டு. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். காலை எரிச்சல் காலையோடு அடங்கவில்லை, உட்கார்ந்த மூன்றாம் நிமிஷமே மறுபடி தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் தங்கள் அண்ணார் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கிருத்திகா நாமக்கல்லில் கோழித்தீவனம் சோதிக்கிற லேப்பில் வேலை பார்க்கிறதல்லவா, அதைப் பற்றி. “கோழித்தீவனத்த மோந்து பாத்துச் சம்பாரிச்சது போதும் சாமி. கலியாணமானா எங்கூட்டு மாட்டுத்தீவனத்தப் பாத்துக்கிட்டாப் போதும்” என்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதெல்லாம் சரியாகக் காதிலேயே விழவில்லை. அந்த நொடிதான் கீழேயிருந்து ஒரு வெட்டு வெட்டியது பாருங்கள், “முடியாதுங்க! என்னால முடியாது! இதுக்கு மேல தாங்காது!” என்று கத்திக்கொண்டு எழுந்தேன். நேரே குளியலறை, தாழ்ப்பாள், வெந்நீர், குண்டா. பதினைந்து நிமிஷம். பதினோராவது நிமிஷம் தங்கள் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடிவருகிற நிலையிலா இருந்தேன்?

ஆகவே தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: நான் “முடியாது” என்றது சம்பந்தத்தைச் சொன்னது அல்ல, அண்ணாரைச் சொன்னதும் அல்ல. பெண் வேலைக்குப் போவதோ வீட்டில் இருப்பதோ தங்கள் குடும்ப விருப்பம், அதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் கிடையாது. இந்த இடம் தட்டிப்போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. சபையில் எழுந்துபோன அப்பன் மகள் என்று அந்தப் பிள்ளை தலையில்தான் விடியும். என் வெட்கத்தையெல்லாம் விட்டு, டாக்டர் சீட்டு நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். தாங்கள் படித்துவிட்டு இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்துச் சொன்னால் நானே சேந்தமங்கலம் வந்து, அண்ணார் முன்னால் நின்று, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம். தங்கள் காட்டில் அஞ்சாவது போரிலாவது தண்ணி பொங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை எதிர்பார்க்கும்
வெ. முருகானந்தம்

பின்குறிப்பு: உறைக்குள் போடுகிற நேரத்தில் துணி எடுக்கக் கிருத்திகா வந்தாள். கடிதத்தைக் கையால் மூடிக்கொண்டேன். துணியை எடுக்காமல் நின்றாள். “அப்பா, ஒண்ணு சொல்லோணும்” என்றாள். “அன்னைக்கு அந்தப் பெரியவரு என் வேலையப் பத்திப் பேசுனப்ப நான் ரூமுக் கதவிடுக்குல பாத்துட்டுத்தான் இருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாகூடச் சிரிச்சாங்க. அவரும் நீங்களும் மட்டுந்தான் சிரிக்கல. நீங்க எந்திரிச்சு முடியாதுன்னு சொன்னீங்க பாருங்க... எனக்காக நீங்க சபைல எந்திரிப்பீங்கன்னு நான் நெனச்சதே இல்லப்பா” என்றாள். அவர் என்று அவள் சொன்னது மாப்பிள்ளையை. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டியோடு வண்டியாகவே என் காலம் போய்விட்டது, இந்தப் பிள்ளை பத்தாவது பரீட்சை எழுதியபோது நான் கர்நூலில் இருந்தேன், காலேஜில் சேர்ந்தபோது நாக்பூரில். அது என் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு கையால் கடிதத்தை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

பெரியசாமி அவர்களே, அண்ணார் பேசியது காதில் விழவில்லை என்று மேலே எழுதியது பொய். நன்றாக விழுந்தது. வலியோடு வலியாக நானும் பல்லைக் காட்டினேன், கதவிடுக்கில் நின்ற பிள்ளைக்கு என் முதுகுதான் தெரிந்தது. நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய அத்தனையும் ரத்து. கிழித்துப்போட்டு வேறு எழுதியிருப்பேன், ஆனால் இன்னொரு தடவை இவ்வளவு நேரம் நிற்க என்னால் ஆகாது. மன்னிப்பும் கிடையாது. குண்டா விஷயம் மட்டும் உள்ளபடியே இருக்கட்டும், அதில் தங்கள் வீட்டம்மாவுக்கு மனத்தாங்கல் வேண்டாம். மற்றபடி எனக்கு வியாதி ஒன்றும் இல்லை. நான் எழுந்தது கோபத்தில்தான். யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன், தாங்களும் அப்படியே சொல்லவும். கிருத்திகா வேலைக்குப் போகும். மாப்பிள்ளை சிரிக்கவில்லை என்று தெரிந்ததால்தான் இதை அனுப்பவே செய்கிறேன். இதற்குச் சம்மதம் என்றால் அண்ணாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்வோம். அண்ணார் அந்தப் பேச்சை என் மகளிடம் திரும்ப வாங்கிக்கொள்கிறவரைக்கும் நான் சம்மணம் போட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். வலித்தால் வலித்துவிட்டுப் போகிறது.